கண்மாய்க்கு வரும் வேண்டாத விருந்தாளி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எந்தக் கண்மாயும் தனிக் கண்மாய் இல்லை. மேற்கு மலையில் பெய்த மழை ஓடையாக இறங்கி ஒன்றை நிறைக்கும். அது மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். மிச்சம் வைப்பாற்றைத் தேடும். அதனால் ஒரு கண்மாயில் யாரோ கொட்டிய மீன்குஞ்சு அந்த ஊரோடு நிற்பதில்லை.

இன்று அதிகம் அஞ்ச வேண்டியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. காற்றையும் சுவாசிக்கும் என்பதால் கலங்கிய தண்ணீரிலும் பிழைக்கும். ஈரத் தரையில் ஊர்ந்து பக்கத்துக் குட்டைக்கும் போய்விடும். மீன், தவளை, புழு என அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். அயிரையும் குரவையும் விராலின் குஞ்சும் அதன் வாய்க்குத் தப்புவது கடினம். இதை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. ஆனாலும் கோழிக்கழிவைப் போட்டு மலிவாக வளர்த்துவிடலாம் என்பதால் ரகசியமாக வளர்க்கிறார்கள். மழையில் பண்ணைக்கரை உடைந்தால் போதும்.

ஜிலேபி மீனின் கதை இதற்கு முன்பாடம். 1952-ல் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அப்படிப் பெருகிய மீனை இனி கண்மாயிலிருந்து முழுதாக அகற்றுவது மிகக் கடினம்.

மீன் மட்டும் வருவதில்லை என்பதுதான் பலர் கவனிக்காத சங்கதி. செதிலுக்கடியில் தலையைப் புதைத்து, நூல் மாதிரி வெளியே தொங்கும் நங்கூரப்புழு. தட்டையாக ஒட்டி ரத்தம் உறிஞ்சும் மீன்பேன். இவற்றின் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடும். வெளியூர் மீன் புதிய ஒட்டுண்ணியைக் கொண்டுவரலாம். இங்கே ஏற்கெனவே இருக்கும் ஒட்டுண்ணிக்குக் கூடுதல் வீடாகவும் ஆகலாம். இரண்டாவது வழியில் ஒட்டுண்ணி பெருகி நம் நாட்டுமீனை இன்னும் அதிகமாகத் தாக்கலாம். கல்லில் உடம்பை உரசும் மீன், சிவந்த புள்ளி, புண் ஆகியவை தென்பட்டால் கவனியுங்கள். நங்கூரப்புழுவும் மீன்பேனும் மனிதரைத் தொற்றுவதில்லை. வேறு சில மீன்புழுக்கள் தொற்றும் என்பதால், எந்த மீனையும் அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள். குடலைக் கண்மாயில் வீசாமல் மண்ணில் புதையுங்கள்.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு மீன் பிடிக்க உரிமை உண்டு. தடைசெய்த மீனை விட உரிமை கிடையாது. வண்டியில் வரும் குஞ்சு என்ன இனம் என்று ஊரார் கேட்கலாம். நம் நாட்டுக் கெளுத்தி இனம் ஒன்றும் பார்வைக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் போலவே இருக்கும்; ஆகவே சந்தேகம் வந்தால் படம் எடுத்து மீன்வளத் துறையிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கிராம சபையில் எழுப்புங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். கண்மாயின் பெயர், நாள், படம் மூன்றும் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

கோபத்தில் மருந்து கலந்துவிடாதீர்கள். மாடு குடிக்கும் தண்ணீர் அது. வீட்டுக் கண்ணாடித் தொட்டி மீன் சலித்துப்போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், ஓடையில் விட வேண்டாம். கோடையில் நீர் வற்றும்போது வலைபோட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தியை எடுப்பது எளிது. ஆனால் சேற்றில் புதைந்தும் கிடக்கும் என்பதால் ஒரே நாளில் முடியாது. ஐப்பசி மழையில் மறுகால் பாய்வதற்குள் அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.