பிளாட்பேக்: தனி அறை, பூட்டு இருக்கிறதா?

லினக்ஸில் இரண்டு புரோகிராம்கள் ஒரே லைப்ரரியின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால் தகராறுதான். 2016-ல் இப்பெயர் பெற்ற பிளாட்பேக் முறையில், ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டிய பதிப்பையே பயன்படுத்தும். சிஸ்டத்தின் லைப்ரரிகளைத் தொடாது. முதல் இன்ஸ்டாலில் நூற்றுக்கணக்கான எம்.பி. இறங்கினால் பயப்படாதீர்கள். அதில் பெரும்பகுதி 'ரன்டைம்' எனும் பொதுத் தொகுப்பு; அதே ரன்டைமைக் கேட்கும் அடுத்த புரோகிராமுக்கு மீண்டும் இறங்காது.

ஆனால் தனி அறை என்றால் பூட்டிய அறை என்று நினைத்துவிடாதீர்கள். சில புரோகிராம்கள் உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் திறக்கும் அனுமதியோடுதான் வருகின்றன. குடும்பப் போட்டோக்களும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அங்கேதானே இருக்கின்றன! அதனால் புதிதாக எதை இன்ஸ்டால் செய்தாலும், பிளாட்சீல் என்ற இலவச புரோகிராமில் 'ஃபைல்சிஸ்டம்' பகுதியை முதலில் பார்த்துவிடுவேன். வீடியோ பிளேயருக்கு ஹோம் முழுவதும் எதற்கு? அந்த அனுமதியை அணைத்து, வீடியோ ஃபோல்டரை மட்டும் சேர்ப்பேன். புரோகிராமை மூடித் திறந்தால் மாற்றம் அமலுக்கு வரும்.