பரம்பிக்குளம் நீர்க்கரையில் ஓர் இரவு

பாலக்காடு மாவட்டத்திலுள்ள பரம்பிக்குளத்திற்குக் கேரளத்தவரும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே சாலைப்பயணம் மேற்கொள்கின்றனர். அங்குள்ள ஏரி இயற்கையானதன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீர்த்தேக்கம். அணை நிற்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு. அந்நீர் துணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம் வழியாகத் திருமூர்த்தி அணையை அடைந்து, கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. அதன் கரையில் இரவு தங்குவதை நம் வாடிக்கையாளர்களுக்கு நாம் தயங்காமல் பரிந்துரைப்போம்.

ஆயினும், 2010-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க இயலாது. ஆனைப்பாடியிலுள்ள வனத்துறைக் கூடாரங்களிலோ, படகில் சென்றடையும் வீட்டிக்குன்று தீவுக் குடிலிலோ முன்பதிவு செய்தே தங்கவேண்டும்.

இங்கேதான் பணவிஷயத்தில் கவனம் தேவை. காட்டுக்குள் கைப்பேசி அலைவரிசை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் வந்துசேராது, யு.பி.ஐ. செயல்படாது. ஆகவே, பதிவையும் கட்டணத்தையும் வீட்டிலிருந்தே முடித்து, ரசீதை அச்சிட்டுக்கொள்வது நலம். காப்பகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டுமே பதிவு செய்யவேண்டும். தனிநபர் கணக்கிற்கு முன்பணம் அனுப்புமாறு எவரேனும் கூறினால், அனுப்பாதீர்கள். அறை கிடைக்காதது மட்டுமன்று, சென்ற பணத்தை மீட்பதும் அரிது. சில்லறைச் செலவுக்கான ரொக்கத்தைப் பொள்ளாச்சியிலேயே எடுத்துக்கொள்ளலாம். சிறிய நோட்டுகளாக இருத்தல் நன்று.