அருப்புக்கோட்டைக்கு மேலே இன்ஜின் நின்றால்

அருப்புக்கோட்டைக்கு மேலே 10,000 அடி உயரத்தில் ஒரு குட்டி செஸ்னா 172 போகிறது. இன்ஜின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கல்லைப் போல விழுந்துவிடாது. 1 அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே நழுவிப் போகும். பைலட் முதலில் வேகத்தை மணிக்கு 120 கி.மீ. அளவில் நிறுத்துவார். அடுத்து, ஜிபிஎஸ் கருவியில் ‘நியரஸ்ட்’ பொத்தானை அமுக்குவார். பக்கத்து விமான நிலையங்கள் தூரமும் திசையுமாகத் திரையில் வரும்.

மதுரை, ஏறக்குறைய நேர் வடக்கே, சுமார் 36 கி.மீ. நழுவிப் போக முடிவதோ 27 கி.மீ.தான். எதிர்காற்று அடித்தால் அதுவும் கிடையாது.

எட்டாது என்று உடனே தெரிவதுதான், என் கணக்கில், அந்தக் கருவியின் பெரிய உதவி. மடியில் வரைபடத்தை விரித்து அளந்துகொண்டிருந்தால் நிமிஷத்துக்கு 700 அடி போய்விடும். மதுரையை நம்பிப் போய்க் காரியாபட்டி தாண்டித் தவிப்பதைவிட, உயரம் கையில் இருக்கும்போதே இடம் பார்க்கலாம். கோடையில் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் மேலிருந்து மைதானம்போலத் தெரியும். கிட்டே போனால் சீமைக்கருவேலம். கரிசல் காடு தேவலை, மழை பெய்யாமல் இருந்தால். கண்மாயும் காடும் கருவியின் பட்டியலில் கிடையாது; அங்கே கண்தான் கதி. ஆனால் ரேடியோவில் ‘மேடே’ என்று ஆபத்து அழைப்பு சொல்லும்போது கருவி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் சொல்லிவிட்டால், தேடி வருபவர்கள் அலைய வேண்டாம்.

வயலில் இறங்குகிறவருக்கு ஜிபிஎஸ் பத்து மீட்டர் பிசகினாலும் ஒரு பொருட்டில்லை. மேகத்துக்குள்ளிருந்து ஓடுபாதையைத் தேடுகிறவருக்கு, உயரத்தில் அதே பிசகு உயிர்ப் பிரச்சினை. நம் தெற்கத்தி வானம் அப்படிப் பிசகவைக்கும் வானம். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் ஏவியதும் அதனால்தான். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை, அந்தக் கோட்டுப் பக்கத்து அயனி மண்டலத்தில் கூடுதலாகத் தாமதப்படும். பொழுது சாய்ந்தபின் அந்த மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி, சமிக்ஞை மினுமினுக்கும்.

இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ‘ககன்’ இந்தப் பிசகைத் தரை நிலையங்களில் அளந்து, திருத்தத்தை ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானத்துக்கு அனுப்புகிறது. நம்ப முடியாத நேரத்தில் நம்பாதே என்றும் சொல்லிவிடும். 2022 ஏப்ரல் 28-ல் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று இதைக்கொண்டு இறங்கிக் காட்டியது.