நர்சிங் சேரும் தாய்க்கு ஃபீஸ் மட்டும் போதுமா?



சென்ற மாதம் கம்மாபுரம் பக்கத்துச் சகோதரி ஒருவர் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார். வயது 32. பிளஸ் டூ முடித்த கையோடு நிகாஹ். கணவர் விட்டுப்போய் ஆறு வருடமாகிறது. இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டில் இருந்துகொண்டு, நெய்வேலி டவுன்ஷிப் வீடுகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். "நர்சிங் படிக்கணும் பாய். ஃபீஸுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிக் கொடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நாங்களும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தோம். இதே நிலையில் இருந்த வேறொரு சகோதரிக்கு முதல் வருட ஃபீஸைக் கட்டிவிட்டு, நல்ல காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். இரண்டாம் வருடம் பாதியில் அவர் நின்றுவிட்டார். ஃபீஸ் பாக்கி ஏதுமில்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகள் செலவும்தான் அவரைத் திரும்ப வேலைக்கு இழுத்தன. தவறு எங்களுடையது; கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவில்லை.

ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், ஏ.என்.எம். 2 வருடம். எல்லாமே முழுநேரப் படிப்பு. காலையில் வகுப்பு, பிறகு வார்டு, சில மாதங்களில் இரவு டியூட்டி. தையல் மெஷினில் உட்கார நேரம் இருக்காது. ஆகவே கணக்கை ஃபீஸிலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். மாதம் 9,000 ரூபாயில் குடும்பம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்கு 3,24,000 ரூபாய். இந்தத் தொகை எந்தக் கல்லூரி ரசீதிலும் வராது.

இதில் ஒரு பகுதியை அரசிடமிருந்தே பெறலாம். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் 2023 முதல் மாத உதவித்தொகை 1,200 ரூபாய். கைவிடப்பட்டவர் என்றால் 30 வயது ஆகியிருக்க வேண்டும்; விவாகரத்தாகியிருக்க வேண்டும், அல்லது பிரிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். (இதை வாங்குபவருக்கே மகளிர் உரிமைத் தொகையும் சேர்ந்து கிடைக்காது.) பலருக்குத் தெரியாத இன்னொன்று, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு. தாய் விதவையாகவோ, விவாகரத்தானவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருந்தால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறோம். இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குக் கிடைத்தாலும், உதவித்தொகையோடு சேர்த்து 5,200 ரூபாய் வந்துவிடும். குறைவது மாதம் 3,800. மூன்று வருடத்துக்கு 1,36,800 ரூபாய். ஜமாஅத்தும் உறவினரும் நாமும் சேர்ந்தால் சுமக்கக்கூடிய பாரம்தான் இது.

இனி ஃபீஸ். முதலில் அரசு இடத்துக்கு முயல வேண்டும். சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் சிதம்பரம் நமக்குத் தூரமில்லை. அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் அதிகம் என்று 2020 இறுதியில் மாணவர்கள் தொடர்ந்து போராடினார்கள். 2021இல் அந்தக் கல்லூரியையும் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரியையும் அரசு சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்து, கட்டணத்தை அரசுக் கல்லூரிகளுக்கு இணையாகக் குறைத்தது. வெயிலில் உட்கார்ந்து போராடிய அந்தப் பிள்ளைகளின் பலனை இன்று நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள்.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவு எழுதியிருக்க வேண்டும். வெறுமனே முஸ்லிம் என்றிருந்தால் ஒதுக்கீடு கிடைக்காது. வயதையும் கவனியுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். சேர உச்ச வயது 35, ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்தவருக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. மேலே சொன்ன சகோதரிக்கு இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வீட்டார் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தனியார் இடம்தான் கிடைத்தது என்றால் கடன் பேச்சு வரும். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ கல்விக்கடன் தருகிறது. முதல் திட்டத்தில் 20 லட்சம் வரை 3 சதவீத வட்டி. இரண்டாவது திட்டத்தில் 30 லட்சம் வரை, பெண்களுக்கு 5 சதவீதம். வட்டி என்றதும் பலர் தயங்குவதை நாங்கள் அறிவோம். அது அவரவர் தங்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் அரசு இடம் கிடைத்தவருக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. அந்தக் கட்டணத்தை வட்டியில்லா அழகிய கடனாக நாமே கொடுத்துவிட முடியும்.

ஜகாத் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கல்லூரி பெயருக்கு செக் கொடுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, பணம் வேறு வழியில் போகாது என்று. ஆனால் அந்தச் சகோதரி ஏழை என்பதால்தான் ஜகாத்துக்கு உரியவர் ஆகிறார். அவர் கையிலேயே, மாதாமாதம், மூன்று வருடமும் போய்ச் சேரட்டும். ரமலானில் ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதைவிட அது அவருக்கு உதவும். மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு அரசும் இணை மானியம் தருகிறது. வசதியுள்ளவர்கள் அதையும் யோசிக்கலாம்.

இரவு டியூட்டி நம் பெண்களுக்குச் சரிவருமா என்று இன்னும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அகழ்ப் போரில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்து ருஃபைதா (ரலி) அவர்கள் சிகிச்சை செய்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். இரவில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. ஹாஸ்டலில் தங்கியே ஆக வேண்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆறு மாதத்தில் நர்ஸ் ஆகலாம் என்று போஸ்டர் ஒட்டும் இடங்களில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது.

சேர விரும்பும் சகோதரிகள் இந்தச் சான்றுகளை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள்: சாதி, வருமானம், இருப்பிடம், கைவிடப்பட்ட பெண் அல்லது ஆதரவற்ற விதவைச் சான்று. ஜமாஅத் கடிதம் துணைக்கு உதவும். அலுவலகங்களில் அது மட்டும் போதாது. சான்றுகளோடு, மாதச் செலவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்தத் தாளைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.