கன்கனா-எய் மொழி

பிலிப்பைன்சு நாட்டுத் தீவுகளுள் மிகப் பெரியது லூசோன். அதன் வடபகுதியில் கார்டில்லெரா என்னும் மலைத்தொடர் ஓங்கி நிற்கின்றது. அம்மலைநாட்டில் பெங்கெட், மலை மாகாணம் ஆகிய பகுதிகளில் வாழ்பவர் கன்கனா-எய் மக்கள். அவர்தம் மொழிக்கும் அதுவே பெயர். மடகாஸ்கர் முதல் ஹவாய் வரை பரவியுள்ள ஆஸ்திரனேசிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது அம்மொழி.

மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கல்லால் கரை கட்டி, நீரைத் தேக்கி நெல் விளைவிப்பது இம்மக்களின் தொன்மையான தொழில். இவ்வுழவு தனி ஒருவரால் இயலுவதன்று. ஆதலின், இன்று ஒருவர் வயலிலும் நாளை மற்றொருவர் வயலிலுமாக அவர்கள் மாறி மாறி உழைப்பர். இவ்வழக்கத்திற்கு ‘உப்போ’ என்று பெயர். ஊரில் கல் பாவிய மன்றம் ஒன்று உண்டு. அதனை ‘தப்-அய்’ என்பர். மூத்தோர் அங்குக் கூடி வழக்குகளைத் தீர்ப்பர். இளைஞர் ஊர் வழக்கங்களைக் கற்பர். தகாத செயலைச் செய்ய முற்படுவோரை ‘இனயன்’ என்னும் ஒரு சொல்லே தடுத்து நிறுத்தும்.

இக்கூட்டு வாழ்வுக்கேற்ற நுட்பம் அம்மொழியிலும் உண்டு. தமிழில் ‘நாம்’ என்பது கேட்பவரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது அவரை விலக்கும். கன்கனா-எய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘தாக்கோ’ என்பது நாம். ‘காமி’ என்பது நாங்கள். இவையன்றி, ‘நானும் நீயும்’ என இருவரை மட்டும் குறிக்க ‘தா’ என்னும் சொல்லும் அவர்களிடம் உண்டு. ‘மஙன் தாக்கோ’ என்றால் ‘நாம் உண்போம்’ என்பது பொருள். அவ்வாறு அழைக்கப்பட்ட விருந்தினர் அக்கணமே ‘நாம்’ என்பதனுள் அடங்கிவிடுகிறார்.

பொன்னை நாடி வந்த ஸ்பானியருக்கு இம்மலைமக்கள் முந்நூறு ஆண்டுகளாக எளிதில் பணியவில்லை. படையால் அழியாத மொழிக்கு இன்று வேறு வகையில் இடர் நேர்ந்துள்ளது. சந்தையில் இலோக்கானோ மொழி வழங்குகின்றது. பள்ளியில் பிலிப்பினோவும் ஆங்கிலமும் ஆட்சி செய்கின்றன. தொடக்க வகுப்புகளில் தாய்மொழி வழியே கற்பிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 2024ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் அக்கடமையை நீக்கியது. வகுப்பிலுள்ள மாணவர் அனைவர்க்கும் தாய்மொழி ஒன்றாயின், விரும்பினால் அதனைப் பயன்படுத்தலாம் என்ற அளவில் அது நின்றது.

‘உப்போ’, ‘இனயன்’ போன்ற சொற்களைப் பிறமொழியில் விளக்கலாம். ஒரே சொல்லில் பெயர்த்தல் அரிது. சொல் மறைந்தால், அச்சொல் காத்த வழக்கமும் தளரும். பள்ளி கைவிட்டாலும் வீடு கைவிடாதிருத்தல் வேண்டும். தாய் தன் குழந்தையை ‘மஙன் தாக்கோ’ என்று அழைக்கும் வரையில் அம்மொழி வாழும்.