ஆய்வகத்துக்குள் ஒரு எட்டு: பாக்டீரியா கைமாற்றும் சேதி

"அக்கா, அதைத் தொடாதீங்க!"

உள்ளே கால் வைத்ததுமே எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். புதுச்சேரி கதிர்காமத்தில் அறை எடுத்துத் தங்கி, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி அவர். பெயர், துறை, கட்டடம் எதையும் எழுதக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. எனக்கு அதெல்லாம் வேண்டவும் வேண்டாம். ஒரு பாக்டீரியா இன்னொரு பாக்டீரியாவுக்கு மருந்தை வெல்லும் வித்தையைக் கற்றுக்கொடுக்கிறதாமே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வெள்ளைக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு நின்றேன்.

மருத்துவம் புழங்கும் வட்டாரம் இது. வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி; கொஞ்சம் தள்ளிப் போனால் கோரிமேட்டில் ஜிப்மர். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. மருந்துக்கு மசியாத கிருமிகளை நாடு முழுக்கக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வலையமைப்பில் ஜிப்மரும் ஒரு முதன்மை மையம்.

சரி, சோதனைக்கு வருவோம். எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை.

இரண்டு குழாய்கள். ஒன்றில், நோயாளியின் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலை பாக்டீரியா. மெரோபெனம் போட்டாலும் அசையாது. மற்ற மருந்துகள் கேட்காதபோது ஐசியூவில் கையில் எடுக்கும் மருந்து அது! இரண்டாவது குழாயில் 'ஜே53' என்ற ஈ.கோலை. பல நாட்டு ஆய்வகங்களில் வளரும் சாது. மெரோபெனம் பட்டால் செத்துவிடும். ஆனால் சோடியம் அசைடு என்ற நஞ்சைத் தாங்கிக்கொள்ளும். இந்த இரண்டையும் ஒரே ஊட்டத் திரவத்தில் கலந்து, 37 டிகிரி இன்குபேட்டரில் இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் அதிலிருந்து ஒரு துளி எடுத்து, மெரோபெனமும் அசைடும் சேர்த்து ஊற்றிய தட்டில் தேய்க்கிறார்கள். கவனியுங்கள், இங்கேதான் சூட்சுமம். முதல் ஆள் அசைடில் சாக வேண்டும். இரண்டாம் ஆள் மெரோபெனத்தில் சாக வேண்டும். நியாயப்படி அந்தத் தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது.

அடுத்த நாள் மூடியைத் தூக்காமலே தட்டை வெளிச்சத்தில் காட்டினார். இளஞ்சிவப்பில் பொட்டுப் பொட்டாய், வட்ட வட்டமாய், ஓரம் வழுவழுவென்று புள்ளிகள்! நான் கத்தியே விட்டேன். சாது ஜே53 ஒரே ராத்திரியில் மெரோபெனத்தை வெல்லும் வித்தையை வாங்கிக்கொண்டுவிட்டது. "இது உண்மையிலேயே ஜே53தானா, மருந்தை வெல்லும் மரபணு உள்ளே போயிருக்கிறதா என்று பிசிஆர் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவேன்" என்றார் மாணவி. முகத்தில் மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொடுத்தது எப்படி? பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏவுக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையங்கள் தனியாக இருக்கும். கொடுக்கும் பாக்டீரியா மயிரிழை போன்ற ஒன்றை நீட்டி அடுத்ததைப் பிடித்து இழுக்கிறது. ஒட்டியதும் பிளாஸ்மிட்டின் ஓர் இழை மட்டும் அந்தப் பக்கம் போகிறது. போன இழைக்கு அங்கே ஜோடி உருவாகிறது; மிஞ்சிய இழைக்கு இங்கே ஜோடி உருவாகிறது. பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுத்தால் நம் வீட்டுத் தயிர் குறைந்தா போகிறது? அதே கதைதான். வாங்கியது சற்று நேரத்தில் தானும் கொடுக்கத் தயார். இனம் வேறானாலும் பரவாயில்லை, ஈ.கோலையிலிருந்து கிளெப்சியெல்லாவுக்கும் போகும்.

பாக்டீரியாக்கள் இப்படி மரபணுவைப் பரிமாறிக்கொள்கின்றன என்று 1946இல் எட்வர்ட் டாட்டமுடன் சேர்ந்து காட்டிய ஜோஷுவா லெடர்பெர்க்குக்கு அப்போது வயது 21, மாணவர்! 1959இல் ஜப்பானியர்கள், சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா பல மருந்துகளை எதிர்க்கும் திறனை மொத்தமாக ஈ.கோலைக்குத் தந்துவிடுவதைக் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊருக்கு வந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழ் வெளியிட்டு உலகையே உலுக்கிய என்டிஎம்-1 ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், அங்கே ஆய்வாளராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம்-1 என்பது மெரோபெனம் வகை மருந்துகளை வெட்டிப் போடும் நொதி. சென்னையில் மட்டும் 44 கிருமிகளில் அது அகப்பட்டது. என்னைக் கவர்ந்தது இன்னொரு விவரம்: அரியானாக் கிருமிகளின் பிளாஸ்மிட் இப்படித் தாவவில்லை, சென்னையில் கிடைத்தவை சுலபமாகத் தாவின. இதே மாதிரி கலந்து, தட்டில் தேய்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீரில் 171 மாதிரிகளைச் சோதித்தபோது 51இல் என்டிஎம்-1 மரபணு இருந்தது. குடிநீர் மாதிரிகள் 50இல் 2. பிளாஸ்மிட் அதிகமாகத் தாவியது 30 டிகிரியில். நம் புதுச்சேரியில் அது சாதாரண நாளின் வெப்பம் அல்லவா! உடம்புக்குள் போகும்வரை அவை காத்திருக்கத் தேவையில்லை, சாக்கடையே போதும்.

2019இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் இதைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். நுண்ணோக்கியின் கீழ், டெட்ராசைக்ளின் எதிர்ப்பு ஒரு ஈ.கோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை நிறமேற்றிக் காட்டினார்கள். மருந்து சுற்றி இருக்கும்போதே வாங்கிக்கொள்கிறது. வாங்கியது வேலை செய்யத் தொடங்கும்வரை, உள்ளே வந்த மருந்தை ஒரு பம்பு வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. என்ன ஏற்பாடு!

கிளம்பும்போது அந்தத் தட்டு கழிவுப் பையில் போய்விட்டது. 121 டிகிரி நீராவியில் வெந்த பிறகுதான் அந்தப் பை வெளியே போகும்.

புள்ளிகளைப் பார்த்த சந்தோஷத்தோடு ஒன்றும் உறைத்தது. தட்டில் ஜே53 ஏராளமாகத்தான் இருந்தது. மெரோபெனம் மற்றவற்றை எல்லாம் கொன்றதால்தான், வாங்கிக்கொண்டவை மட்டும் புள்ளியாகப் பெருகின. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் நாமாக ஆன்டிபயாட்டிக் விழுங்கும்போது நம் குடலிலும் இதே தேர்வுதான் நடக்கிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரையை அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள்.