சொந்தத்தில் ரத்தம் வாங்காதீர்கள்

சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் கூப்பிடு தூரம். திருப்பதியிலிருந்தும் காட்பாடிக்கு நேர் ரயில் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அதனால் தலசீமியாவோ அப்லாஸ்டிக் அனீமியாவோ உள்ள குழந்தையின் பெற்றோருக்கு, எங்கே போவது என்ற திண்டாட்டம் இந்தப் பக்கம் குறைவு. எவ்வளவு ஆகும் என்பதுதான் முதல் கவலை. நியாயமான கவலை. ஆனால் பணத்துக்கு அலையும் மாதங்களில் தவறிப்போகும் சில காரியங்களைப் பிறகு எந்தப் பணத்தாலும் சரிசெய்ய முடியாது.

தலசீமியாவில், ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து ஈரலைக் கெடுக்கிறது. ஏழு வயது தாண்டி, ஈரலும் விலாவுக்குக் கீழே 5 செ.மீ. வரை இறங்கிவிட்ட குழந்தைக்கு மாற்று சிகிச்சையில் ஆபத்து மிக அதிகம் என்று வேலூர் மருத்துவர்களே வகுத்திருக்கிறார்கள். எனவே யாருடைய மஜ்ஜை பொருந்தும் என்று பார்க்கும் எச்எல்ஏ பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரும்பைக் குறைக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பொருந்தாவிட்டால், சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி கொடையாளர் பதிவகம் வழியாக வெளியாரைத் தேடலாம். பாதி பொருந்தும் தாயோ தகப்பனோ கொடுப்பதும் உண்டு, சிக்கல் கூடுதல்.

ரத்தம் வேண்டும் என்றதும் அப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். பாசம்தான். ஆனால் நெருங்கிய சொந்தத்தின் ரத்தம் முன்கூட்டியே ஏறினால், குழந்தையின் உடல் அதை எதிர்க்கப் பழகி, பின்னால் வரும் மஜ்ஜையையும் தள்ளிவிடக்கூடும். மாற்று சிகிச்சை நடக்கலாம் என்றால், நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் கொடுக்கட்டும். ஊரில் ரத்தம் ஏற்றும் டாக்டரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

மஜ்ஜை கொடுக்கும் அண்ணனையோ தங்கையையோ யாரும் விசாரிப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுக்கிறார்கள்; சில நாள் வலி, சில வாரங்களில் மஜ்ஜை திரும்ப ஊறிவிடும். அந்தப் பிள்ளைக்கும் அதை உள்ளபடி சொல்லுங்கள். நோயுள்ள குழந்தைக்குச் சரியாகாவிட்டால் தன்னால்தான் என்று அந்தப் பிள்ளையின் மனதில் விழுந்துவிடக் கூடாது.

பண விஷயத்தில் எல்லை ஊருக்கென்று ஒரு வம்பு உண்டு. வீட்டில் தமிழ் பேசினாலும் உங்கள் அட்டை ஆந்திராவுடையது. தமிழ்நாட்டு முதல்வர் காப்பீடு உங்களுக்குக் கிடையாது. எல்லாரும் இன்னும் ஆரோக்யஸ்ரீ என்றே சொல்லும் என்டிஆர் வைத்திய சேவா, எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு வரை செல்லும் என்று 104-ல் கேளுங்கள். கோல் இந்தியாவின் தலசீமியா பால சேவா யோஜனாவில் ஒரு குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பட்டியலில் வேலூர் சிஎம்சியும் இருக்கிறது. வயது, வருமான வரம்புகள் உண்டு. எந்தத் திட்டமானாலும் அனுமதி முதலில், அட்மிஷன் பிறகு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள்; வாசலில் ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்பவரை அல்ல.

குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை வங்கியில் போடச் சொல்லி வருகிற ஏஜென்டிடமும் கவனம். தலசீமியா பிள்ளையின் கொடி ரத்தத்திலும் அதே மரபணுக் குறைதான் இருக்கும்.

கையெழுத்துக்கு முன், செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தெலுங்கிலோ தமிழிலோ விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. மஜ்ஜை ஒட்டாமல் போவது, கிருமித் தொற்று, புது மஜ்ஜையே உடலைத் தாக்குவது, பின்னாளில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படுவது: நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள்; மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோ மருந்து தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கீமோவில் முடி கொட்டும். திருமலையில் மொட்டை போட வேண்டுதல் இருந்தால் அது காத்திருக்கட்டும். டாக்டர் சொல்லும் வரை கூட்டத்துக்குள் போகக் கூடாது. பாட்டி ஆசையாய்க் கொண்டுவரும் தீர்த்தமும் வேண்டாம். முன்பு போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடுவதால், அவற்றைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்திருங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவு என்று நினைத்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சை எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்.